நீக்கப்பட்ட 248, தங்கிவிட்ட 5.7: ஒரு மருத்துவத் தரவுப் பகுப்பாய்வின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில், ஒரே வகையான வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 24 நோயாளிகளைக் கொண்டு ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. சமவாய்ப்பு முறையில் 12 பேர் வழக்கமான பின்பராமரிப்புக்கும் 12 பேர் புதிய பின்பராமரிப்புக்கும் ஒதுக்கப்பட்டனர். மூன்றாம் நாள் காலையில் எடுத்த இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரோட்டீன் எவ்வளவு இருக்கிறது என்பதே ஒப்பிடப்பட்ட அளவு. புதிய முறையில் அழற்சி குறைகிறதா என்பது கேள்வி.

சி.ஆர்.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் புரதம் கல்லீரலில் உருவாவது. திசு காயப்பட்ட சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். காயத்தின் தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே மூன்றாம் நாளில் ஒருவருக்கு அளவு எத்தனை என்பது உற்பத்தி வேகம், காயத்தின் அளவு, தொற்று உண்டா இல்லையா ஆகியவை ஒன்றோடொன்று பெருகி வரும் விளைவு. இப்படிப் பெருக்கலால் உருவாகும் அளவுகள் பெரும்பாலும் வலப்பக்கம் நீண்ட வாலோடுதான் பரவும். பலர் கீழே நெருக்கமாக நிற்பார்கள். சிலர் மேலே வெகுதூரம் போய்விடுவார்கள். இந்த ஒரு செய்தி தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், பின்னால் நேர்ந்தவற்றில் பாதி நேர்ந்திராது.

புள்ளியியல் ஆலோசகராக அந்தத் திட்டத்தைப் படித்து ஒப்புதல் அளித்தவன் நான். "இரு குழுக்களின் சராசரிகள் டி சோதனையால் ஒப்பிடப்படும், புறமதிப்புகள் தக்க முறையில் கையாளப்படும்" என்று அதில் இருந்தது. (இரு சராசரிகளின் வேறுபாட்டை எண்களின் சிதறலோடு ஒப்பிட்டு, அது தற்செயலாக வரக்கூடியதா என்று பார்ப்பது டி சோதனை.) அவுட்லையர் என்று எல்லோரும் சொல்லும் புறமதிப்பை, அதாவது மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணை, எப்படி அடையாளம் காண்பது, கண்ட பிறகு யாரைக் கேட்பது, எந்தக் காரணம் இருந்தால் நீக்கலாம் என எதுவும் அதில் இல்லை. "தக்க முறையில்" என்ற சொற்களை நான் அப்படியே விட்டது என் பிழை.

நோயாளிகளை அடையாளம் காண முடியாதபடி கீழே உள்ள எண்கள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்களிலிருந்தே செய்யப்பட்டவை என்பதால், விரும்புபவர் தாமே போட்டுப் பார்க்கலாம். அலகு லிட்டருக்கு மில்லிகிராம்.

வழக்க முறைக் குழு: 38, 45, 52, 58, 63, 71, 78, 86, 97, 112, 134, 176.

புதிய முறைக் குழு, விரிதாளில் முதலில் இருந்தபடி: 5.7, 9.2, 24, 29, 33, 39, 44, 50, 64, 76, 126, 248.

முதல் பகுப்பாய்வு நடந்த விதம்

தரவைப் பகுத்தவர் ஒரு முதுநிலை ஆய்வாளர். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு படியையும் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த நிகழ்வை இவ்வளவு தெளிவாக மறுபடி கட்டியெழுப்ப முடிந்திருக்காது.

முதலில் 24 எண்களையும் ஒரே வரிசையாகச் சேர்த்து ஷபிரோ-வில்க் சோதனை செய்தார். பி மதிப்பு, அதாவது எடுகோள் சரி என்றால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே வந்தது. தரவு இயல்நிலைப் பரவலை (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவத்தை) பின்பற்றவில்லை, எனவே டி சோதனை செல்லாது, அதற்குக் காரணம் புறமதிப்புகளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்.

அடுத்து, சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) மேல் தள்ளி நிற்பதைப் புறமதிப்பாகக் கொள்ளும் விதியைப் போட்டுப் பார்த்தார். புதிய முறைக் குழுவின் சராசரி 62.3, திட்ட விலக்கம் 66.9. 248 என்ற மதிப்பு சராசரியிலிருந்து 2.78 திட்ட விலக்கத் தொலைவில்தான் இருந்தது. விதி அதைத் தொடவில்லை. இதில் ஒரு கணித உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு மாதிரியில் n எண்கள் இருந்தால், அவற்றுள் எதுவும் தன் சராசரியிலிருந்து (n−1)/√n திட்ட விலக்கத்துக்கு மேல் விலக முடியாது. 10 எண்களுக்கு அந்த உச்சம் 2.85; 12 எண்களுக்கு 3.18. அதாவது 10 பேர் கொண்ட குழுவில் ஒருவருடைய மதிப்பு ஒரு கோடியாகவே இருந்தாலும் மூன்று திட்ட விலக்க விதி அதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அந்த ஒரு கோடியே திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிடும். சிறிய ஆய்வுகளில் இந்த விதியைப் பயன்படுத்துபவர் பலருக்கு இது தெரிவதில்லை.

விதி எதையும் பிடிக்காததால் ஆய்வாளர் பெட்டி வரைபடத்துக்கு மாறினார். கீழ்க் கால்பங்கு எண்கள் முடியும் முதல் கால்மானம் 26.5, மேல் கால்பங்கு தொடங்கும் மூன்றாம் கால்மானம் 70, இரண்டுக்கும் இடையிலான இடைவீச்சு 43.5. (ஒவ்வொரு பாதியின் இடைநிலையை, அதாவது வரிசையின் நடு மதிப்பை, கால்மானமாகக் கொள்ளும் முறை இது, மென்பொருளுக்கு மென்பொருள் சிறிது வேறுபடும்.) இடைவீச்சின் ஒன்றரை மடங்கை மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் மேல் வேலி 135.25. வேலிக்கு வெளியே நின்ற 248 நீக்கப்பட்டது.

மீதமிருந்த 11 எண்களுக்கு வரைபடம் மறுபடி வரையப்பட்டது. பெரிய எண் போனதும் பெட்டி சுருங்கியது. மேல் வேலி 124-க்கு இறங்கியது. சற்று முன்வரை வேலிக்குள் இருந்த 126 இப்போது வெளியே நின்றது. அதுவும் நீக்கப்பட்டது. மூன்றாம் முறை வரைந்தபோது வெளியே எதுவும் இல்லை. வழக்க முறைக் குழுவில் மேல் வேலி 178.75, அங்கே 176 மிகச் சிறிய இடைவெளியில் தப்பித்தது. எஞ்சிய 22 எண்களில் ஷபிரோ-வில்க் சோதனையின் பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியது. இயல்நிலை கிடைத்துவிட்டதாகக் கருதி டி சோதனை செய்யப்பட்டது.

எண்களை நீக்குவதற்கு முன் டி மதிப்பு 0.97. நீக்கிய பின் 3.27, பி மதிப்பு ஏறத்தாழ 0.004. புதிய முறைக் குழுவின் சராசரி 62.3-இலிருந்து 37.4-க்கு இறங்கியிருந்தது, வழக்க முறைக் குழுவின் சராசரி 84.2-இலேயே இருந்தது. புதிய முறை அழற்சியைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்று ஒரு சுருக்கவுரை எழுதப்பட்டு, ஒரு கருத்தரங்குக்கும் அனுப்பப்பட்டுவிட்டது.

கேள்வி எழுந்த இடம்

முழுக் கட்டுரையின் வரைவு என்னிடம் வந்தபோது, அட்டவணையின் அடிக்குறிப்பில் "இரண்டு புறமதிப்புகள் நீக்கப்பட்டன" என்று மட்டும் இருந்தது. ஒரு குழுவில் 12, மற்றதில் 10 என்பதைப் பார்த்ததும் எந்தக் குழுவிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டன என்று கேட்டேன். இரண்டும் புதிய முறைக் குழுவிலிருந்து, இரண்டும் மேல் பக்கத்திலிருந்து. ஆய்வு எந்தத் திசையில் விடை தேடியதோ அந்தத் திசைக்கே நீக்கம் துணைபோயிருந்தது. ஆய்வாளர் அதை நாடிச் செய்யவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; ஆனால் ஒரு விதி பிடிக்காதபோது இன்னொரு விதி, ஒரு சுற்று போதாதபோது இன்னொரு சுற்று என்று போகும் வழியில், ஒவ்வொரு திருப்பத்திலும் தரவே நமக்கு வழிகாட்டத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவதாக அந்த நோயாளிகள் யார் என்று கேட்டேன். 248 பதிவானவருக்கு மூன்றாம் நாள் என்ன நடந்தது? ஆய்வாளரிடம் விரிதாளின் வரிசை எண் மட்டுமே இருந்தது. நோயாளியின் கோப்பை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் யாரும் எழுதவும் இல்லை.

மூன்றாவது, என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது, பெட்டி வரைபடத்தின் கீழ் வேலி. 26.5-இலிருந்து 65.25-ஐக் கழித்தால் −38.75. இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு சுழியத்துக்குக் கீழே போக முடியாது. ஆக, இந்த வேலி கீழ்ப்பக்கத்தில் எந்தத் தவறான எண்ணையும் எந்தக் காலத்திலும் பிடித்திருக்க முடியாது. 0.01 என்று யாராவது தட்டச்சு செய்திருந்தாலும் அது உள்ளேதான் இருந்திருக்கும். வழக்க முறைக் குழுவிலும் கீழ் வேலி −19.25. தரவைச் சலித்ததாக நாம் நினைத்த சல்லடைக்கு ஒரு பக்கத்தில்தான் கண்ணி இருந்தது.

இதைச் சொன்னதும் ஆய்வாளரின் வழிகாட்டியான மூத்த அறுவை சிகிச்சை நிபுணர் விரிதாளை வாங்கி, கீழிருந்து மேலாகப் படித்தார். "வயிற்றைத் திறந்து மூன்றாம் நாள் 5.7 எப்படி வரும்?" என்று கேட்டார். அறுவை சிகிச்சையே செய்துகொள்ளாத நலமான ஒருவருக்கு வரக்கூடிய அளவு அது. பெட்டி வரைபடம் மூன்று சுற்றிலும் கண்டுகொள்ளாத ஓர் எண்ணைத் துறை அறிவு ஒரே பார்வையில் பிடித்தது.

மூலப் பதிவுகளைத் தேடியது

சந்தேகப்பட்ட நான்கு எண்களை (248, 126, 5.7, 9.2) மட்டும் சரிபார்த்தால் போதும் என்ற யோசனை வந்தது. நான் அதை ஏற்கவில்லை. நம் கண்ணுக்கு வித்தியாசமாகப் பட்டவற்றை மட்டும் சரிபார்த்துத் திருத்தினால், வித்தியாசமாகப் படாத பிழைகள் அப்படியே தங்கிவிடும். திருத்தமே ஒருபக்கச் சாய்வை உண்டாக்கும். 24 ஆய்வக அறிக்கைகளையும் எடுப்பது, எடுத்துப் பார்ப்பவருக்கு நோயாளி எந்தக் குழு என்பது தெரியாமல் வைப்பது, விரிதாளில் உள்ள எண்ணைக் காட்டாமல் அறிக்கையிலிருந்து எண்ணையும் அலகையும் புதிதாக எழுதச் சொல்வது என்று தீர்மானித்தோம். ஆய்வில் சேராத ஒரு செவிலியர் அந்தப் பணியைச் செய்தார். 24 தாள்கள்தான் என்பதால் இரண்டு நாளில் முடிந்தது.

248 சரியான எண். அந்த நோயாளிக்கு நான்காம் நாள் வயிற்றுக்குள் தொற்று உறுதியாகி, மறுபடி அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மூன்றாம் நாள் இரத்தம் அந்தத் தொற்றைத்தான் காட்டியிருக்கிறது. அழற்சி குறைகிறதா என்று கேட்கும் ஓர் ஆய்வில், அழற்சி மிகக் கடுமையாக இருந்த நோயாளியையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

126-உம் சரியான எண். அவருக்குச் சிக்கல் எதுவும் நேரவில்லை.

5.7, 9.2 இரண்டும் தவறு. விடுமுறை நாட்களில் மாதிரிகள் வேறோர் ஆய்வகத்துக்குப் போயிருந்தன. அந்த ஆய்வகம் முடிவை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில் அச்சிடும். பதிவு செய்தவர் எண்ணை மட்டும் எடுத்து எழுதியிருந்தார். உண்மையான அளவுகள் லிட்டருக்கு 57-உம் 92-உம். வழக்க முறைக் குழுவிலும் ஒருவரின் மாதிரி அதே ஆய்வகத்துக்குப் போயிருந்தது. ஆனால் அன்று பதிந்தவர் வேறொருவர், அலகைக் கவனித்துப் பத்தால் பெருக்கி எழுதியிருந்தார். இரண்டு பிழைகளும் ஒரே குழுவில் விழுந்தது தற்செயல். 12 பேர் கொண்ட குழுவில் அப்படிப்பட்ட தற்செயல் முடிவையே புரட்டிவிடும்.

ஆக, தொலைவில் நின்றதற்காக வெளியேற்றப்பட்ட இரண்டு எண்களும் மெய். கூட்டத்தோடு நின்றதால் தப்பிய இரண்டு எண்களும் பொய்.

அதே எண்கள் மடக்கை அளவுகோலில்

பத்து மடங்குப் பிழை சாதாரண அளவுகோலில் ஏன் கண்ணுக்குப் படவில்லை என்பதை ஆய்வாளருக்கு விளக்க, முதலில் பதிவாகியிருந்த தவறான எண்களையே மடக்கை எடுத்து அதே பெட்டி வரைபடத்தை வரைந்தோம். பெருக்கலால் உருவாகும் அளவுகளுக்கு மடக்கை இயல்பான அளவுகோல். அதில் 10-க்கும் 100-க்கும் இடையிலான தொலைவும் 100-க்கும் 1000-க்கும் இடையிலான தொலைவும் ஒன்றே.

மடக்கையில் கண்ட வேலிகளைத் திரும்ப லிட்டருக்கு மில்லிகிராமாக மாற்றினால், கீழ் வேலி ஏறத்தாழ 6.1, மேல் வேலி ஏறத்தாழ 300. 248 வசதியாக உள்ளே நிற்கிறது. 126 பற்றிப் பேச்சே இல்லை. 5.7 வெளியே விழுகிறது. 9.2 வேலிக்குள் இருந்தாலும், மற்ற எண்களிலிருந்து பிரிந்து 5.7-க்கு அருகில் தனித்து நிற்பது படத்தில் தெரிகிறது. எண்கள் மாறவில்லை, ஒன்றரை மடங்கு என்ற விதியும் மாறவில்லை. அளவுகோல் மாறியதும் குற்றவாளிகள் இடம் மாறிவிட்டார்கள்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி பரவலாக்கிய இந்த வேலி விதி சமச்சீரான பரவலை மனத்தில் வைத்தது. இயல்நிலைப் பரவலில் இரு வேலிகளுக்கும் வெளியே விழுவது மொத்தம் 0.7 விழுக்காடு மட்டுமே. மேல் பக்கம் 0.35 விழுக்காடு. ஆனால் மடக்கை எடுத்தால் இயல்நிலையாகும் ஒரு பரவலில், மடக்கையின் திட்ட விலக்கம் 0.6 என்றால், எந்தப் பிழையும் இல்லாமலேயே ஏறத்தாழ 4.6 விழுக்காடு மதிப்புகள் மேல் வேலிக்கு வெளியே விழும். கீழ் வேலி எதிர்மத்தில் போய் நிற்கும். நம் தரவு ஏறத்தாழ அத்தகையதே. அப்படிப்பட்ட தரவில் வேலிக்கு வெளியே நிற்பவற்றைப் "புறமதிப்பு" என்று அழைப்பதைவிட வாலின் பகுதி என்று அழைப்பது பொருந்தும்.

இயல்நிலை எடுகோள் எங்கே பொருந்துகிறது

இந்த நிகழ்வில் இன்னொரு குழப்பமும் இருந்தது. அதைத் தனியாகப் பதிந்து வைக்க விரும்புகிறேன்.

24 எண்களையும் ஒன்றாகச் சேர்த்து இயல்நிலையைச் சோதித்தது முதல் தவறு. டி சோதனை கேட்பது ஒவ்வொரு குழுவுக்குள்ளும் உள்ள மாறுபாடு, அதாவது ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதன் குழுவின் சராசரியைக் கழித்தால் எஞ்சுவது, இயல்நிலைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே. இரு குழுக்களும் தனித்தனியே துல்லியமான இயல்நிலையில் இருந்து, சராசரிகள் மட்டும் வெகுதூரம் விலகியிருந்தால், சேர்த்துப் பார்க்கும்போது இரட்டை மேடு தெரியும். இயல்நிலைச் சோதனை தோற்கும். சிகிச்சை நன்றாக வேலை செய்ததே எடுகோள் மீறலாகத் தோன்றிவிடும்.

இரண்டாவது, 1965-இல் வெளிவந்த ஷபிரோ-வில்க் சோதனை சிறிய மாதிரிகளுக்கு நல்ல கருவிதான். ஆனால் அதை நுழைவுத் தேர்வாக வைப்பது சரியில்லை. 12 எண்களில் அது கோட்டத்தை, அதாவது பரவல் ஒரு பக்கம் நீள்வதை, பெரும்பாலும் கவனிக்கத் தவறும். பல ஆயிரம் எண்களில், டி சோதனையைச் சிறிதும் பாதிக்காத நுண்ணிய விலகலுக்குக்கூட அது மணி அடிக்கும். எடுகோள் மிகவும் தேவைப்படும் இடத்தில் சோதனைக்கு வலிமை இல்லை. வலிமை உள்ள இடத்தில், மாதிரி பெரியதாக இருப்பதால் சராசரியின் பரவல் தானாகவே இயல்நிலையை நெருங்கிவிடுவதால், எடுகோளுக்கு அவ்வளவு தேவை இல்லை.

மூன்றாவது, வாலை வெட்டிய பிறகு இயல்நிலை வந்துவிட்டது என்று சொல்வது எதையும் நிரூபிக்காது. நீண்ட வாலை வெட்டினால் குட்டையான வால்தான் மிஞ்சும். அதோடு, வெட்டியதால் திட்ட விலக்கம் செயற்கையாகச் சுருங்குகிறது. புதிய முறைக் குழுவில் அது 66.9-இலிருந்து 22.3-க்கு இறங்கியது. டி மதிப்பின் கீழ்ப்பகுதியில் நிற்பது இந்தச் சிதறல்தான். அது சுருங்கச் சுருங்க டி மதிப்பு வளரும். பின்னால் செய்யப்படும் சோதனை தனக்கு முன்னால் ஒரு நீக்கம் நடந்தது என்பதை அறியாது, 0.004 என்ற எண் அந்த நீக்கத்தைக் கணக்கில் எடுக்காத எண்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எந்த மதிப்பையும் நீக்குவதில்லை என்றும், மூலப் பதிவில் சான்று உள்ள இரண்டு மதிப்புகளைத் திருத்துவது என்றும் முடிவெடுத்தோம். திருத்திய பின் புதிய முறைக் குழு: 24, 29, 33, 39, 44, 50, 57, 64, 76, 92, 126, 248. சராசரி 73.5, இடைநிலை 53.5.

பகுப்பாய்வை மடக்கையில் செய்து, வெல்ச் முறை டி சோதனையைப் பயன்படுத்தினோம். இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கொள்ள வேண்டிய தேவை அந்த முறைக்கு இல்லை. மடக்கையில் திட்ட விலக்கங்கள் 0.45, 0.66 என வேறுபட்டிருந்தன. மடக்கையில் எடுத்த சராசரியைத் திரும்ப மாற்றினால் பெருக்குச் சராசரி கிடைக்கும்: வழக்க முறையில் 76.4, புதிய முறையில் 58.4. இரண்டின் விகிதம் 0.76, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.47 முதல் 1.24 வரை. புதிய முறை அழற்சியைப் பாதியாக்கியும் இருக்கலாம், கால் பங்கு கூட்டியும் இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் இந்த 24 பேரின் தரவால் சொல்ல முடியும்.

மடக்கைக்குப் பதிலாக மான்-விட்னி தரவரிசைச் சோதனைக்குப் போயிருக்கலாமே என்று வழிகாட்டி கேட்டார். நியாயமான கேள்வி, தரவரிசையில் 248 என்பது முதலிடம் மட்டுமே, எவ்வளவு பெரியது என்பது பொருட்டில்லை. அதையும் செய்தோம். திருத்திய தரவில், இரு குழுக்களிலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்து இணைத்தால் வரும் 144 இணைகளில் 96-இல் வழக்க முறை நோயாளியின் அளவு அதிகம். பி மதிப்பு ஏறத்தாழ 0.17. மடக்கைப் பகுப்பாய்வோடு இது முரண்படவில்லை. ஆனால் மருத்துவர்களுக்கு வேண்டியது எத்தனை மடங்கு குறைகிறது என்ற அளவு. தரவரிசை அதைத் தருவதில்லை. அதனால் மடக்கைப் பகுப்பாய்வே முதன்மையாக நின்றது.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. திருத்துவதற்கு முன்னிருந்த, அலகுப் பிழை கொண்ட தரவில், எதையும் நீக்காமல், அதே தரவரிசைச் சோதனையைச் செய்தால் இணைகளின் எண்ணிக்கை 107 ஆகிறது. பி மதிப்பு 0.05-க்குச் சற்றுக் கீழே வருகிறது. புறமதிப்புகளுக்கு அசையாத முறை என்று நாம் நம்பும் ஒன்றும், நடுவில் நிற்க வேண்டிய இரண்டு எண்கள் அடியில் போய் விழுந்ததால் தவறான விடையைத் தந்திருக்கும். முறையின் உறுதி தரவின் உண்மைக்கு ஈடாகாது என்று படித்திருந்தேன். இத்தனை சிறிய தரவில் இவ்வளவு கண்கூடாகப் பார்த்தது இதுவே முதல்முறை.

248-ஐ விட்டுவிட்டால் முடிவு எப்படி இருக்கும் என்பதையும் தனியாகக் கணக்கிட்டு அறிக்கையில் சேர்த்தோம். விகிதம் 0.67, நம்பிக்கை இடைவெளி 0.44 முதல் 1.02 வரை. ஒரே ஒரு நோயாளி முடிவை இவ்வளவு இழுக்கிறார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். அதை அடிக்குறிப்பில் புதைக்காமல் முதன்மை விடைக்கு அடுத்த வரியிலேயே வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அவரை முதன்மைக் கணக்கில் வைத்திருப்பதற்கான காரணமும் அங்கேயே எழுதப்பட்டது: குலுக்கலில் அந்தக் குழுவுக்கு வந்தவர், அளவு சரியாக எடுக்கப்பட்டவர், அவருக்கு நேர்ந்தது ஆய்வின் கேள்விக்கு உட்பட்டது.

பின்னர் நடந்தது

கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கவுரை திரும்பப் பெறப்பட்டது. அமைப்பாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அலகுப் பிழை, இரண்டு மதிப்புகளின் நீக்கம் ஆகிய இரண்டும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. அந்தக் கடிதத்தை எழுதியவர் ஆய்வாளரே. அலகுப் பிழையை மட்டும் காரணமாகக் காட்டியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பட்டத்துக்கான காலக்கெடு நெருங்கியிருந்த ஒருவருக்கு அது சிறிய செயல் இல்லை என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

முழுக் கட்டுரை, தெளிவான விடை கிடைக்காத ஒரு முன்னோடி ஆய்வு என்ற வடிவில் மறுபடி எழுதப்பட்டது. அதில் 24 மதிப்புகளும் புள்ளிகளாக வரையப்பட்ட படம் இடம்பெற்றது. குழுவுக்குப் பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள ஆய்வில் சராசரியையும் அதன் இருபுறக் கோடுகளையும் மட்டும் காட்டும் பட்டைப் படத்துக்கு இடம் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

துறையில் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தொற்று ஏற்பட்டவரை வைத்துக்கொண்டு பராமரிப்பு முறையின் வழக்கமான விளைவை எப்படி அளப்பது என்று ஒரு மூத்தவர் வாதிட்டார். அவருடைய வாதத்தில் பொருள் இருந்தது. தொற்று இல்லாதவர்களிடம் மட்டும் விளைவு என்ன என்பது கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அது வேறு கேள்வி. தரவைப் பார்க்கும் முன் கேட்கப்பட்டிருக்க வேண்டும். இரு குழுக்களுக்கும் ஒரே இலக்கணத்தில், மருத்துவக் கோப்பை வைத்து விடையளிக்கப்பட வேண்டும். பராமரிப்பு முறையே தொற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்பதால், அப்படிப் பிரித்தெடுத்த பின் குலுக்கலால் கிடைத்த சமநிலை எஞ்சுமா என்பதும் ஐயமே. சி.ஆர்.பி. எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்துத் தொற்றாளரை விலக்கினால், அளக்க வந்ததைக் கொண்டே ஆட்களைத் தேர்ந்தெடுத்ததாகும்.

அடுத்த ஆய்வில் மாற்றியவை

பெரிய மாதிரியோடு இரண்டாம் ஆய்வுக்கான திட்டம் எழுதப்பட்டபோது "தக்க முறையில்" என்ற சொற்கள் போய்விட்டன. பகுப்பாய்வு மடக்கையில் நடக்கும் என்பது, தரவு எதுவும் சேர்வதற்கு முன்பே, சி.ஆர்.பி. எப்படி உருவாகிறது என்ற காரணத்தோடு எழுதப்பட்டது. இயல்நிலைச் சோதனை திட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. எச்சங்களின் (குழுச் சராசரியைக் கழித்தபின் எஞ்சுபவற்றின்) கியூ-கியூ வரைபடத்தை, அதாவது இயல்நிலையாக இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும் படத்தை, கண்ணால் பார்த்து, கோட்டிலிருந்து விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு குறிப்பு எழுதுவது அதன் இடத்தில் வந்தது.

பதிவுப் படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகுக்கும் ஆய்வகத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் சேர்க்கப்பட்டன. அலகுக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் சேமிக்கப்படாது. மதிப்புகள் பதிவாகும் வாரத்திலேயே, குழு தெரியாத ஒருவர் சமவாய்ப்பு முறையில் சில பதிவுகளை எடுத்து மூல அறிக்கையோடு ஒப்பிடுகிறார்; நடுவில் நிற்கும் எண்களும் அந்தத் தேர்வில் வருகின்றன. வரைபடத்தில் விலகித் தெரியும் மதிப்பு இனி நோயாளியின் கோப்பைத் திறப்பதற்கான குறிப்பு மட்டுமே. அளவீட்டுப் பிழை என்று சான்று கிடைத்து, சரியான மதிப்பு தெரிந்தால் திருத்தம். பிழை உறுதியாகிச் சரியான மதிப்பு தெரியாவிட்டால் விடுபட்ட மதிப்பாகக் கொள்ளுதல். சான்று இல்லாவிட்டால் அப்படியே வைத்தல். யார், எந்தத் தேதியில், எந்தச் சான்றின் பேரில் என்பது ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட வேண்டும். பழைய எண் அழிக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தொற்று பற்றிய மூத்தவரின் கேள்விக்கும் திட்டத்தில் இடம் கிடைத்தது. தொற்று ஏற்படுவது தனி விளைவாக, மருத்துவ இலக்கணத்தோடு, இரு குழுக்களிலும் எண்ணப்படும். அந்த இலக்கணத்தை எழுதும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார், அதில் சி.ஆர்.பி. அளவு ஒரு நிபந்தனையாக வரக் கூடாது என்ற வரியைச் சேர்த்தவரும் அவர்தான்.